மாசிலாமணியின் வளை

வயல் வரப்புக்குள் மாசிலாமணி என்ற கிழட்டு எலி தன் மகள் செங்கமலத்தோடு இருந்தது. பல கிளைகள் பிரியும் அந்த வளையைத் தோண்டியதே மாசிலாமணிதான்.

மனைவி செத்த பிறகு மகள் அதை வெளியே விடவில்லை.

"பருந்து சுத்துதுப்பா. நீங்க படுங்க, நெல்லை நான் கொண்டாறேன்."

"கொஞ்சம் ஓடிட்டு வர்றேம்மா. காலெல்லாம் மரத்துப் போகுது."

"இந்த வயசுல என்னப்பா ஓட்டம்?"

மாசிலாமணி படுத்துக்கொண்டது. முதலில் கால்கள் சூம்பின. பிறகு, தின்றதை மறந்து மறுபடி நெல் கேட்டது. மகளை மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. வயசாகிவிட்டது என்று செங்கமலம் நினைத்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறியது. "மேல் வாசலுக்கு வாங்கப்பா!" என்று கத்திக்கொண்டு செங்கமலம் முன்னால் ஓடியது. கிளை பிரியும் இடத்தில் மாசிலாமணி நின்றுவிட்டது. எந்த வழி மேலே போகிறது என்று அதற்குத் தெரியவில்லை.

மகள் திரும்பி வந்து, கழுத்தைக் கவ்வி இழுத்தது.

"யாரும்மா நீ? என் மக வெளியே போயிருக்கா. அவ வந்ததும் போறேன்" என்று மாசிலாமணி ஈரத்திலேயே படுத்தது.

தண்ணீர் மூக்கைத் தொடும்வரை செங்கமலம் இழுத்துப் பார்த்தது. பிறகு தனியாக மேலே ஏறியது.