ஆட்டின் எதிரே

மலைக்கிராமத்தின் கடைசி வீட்டு வாசலில், முதுகில் சுமந்து வந்த மகளை அவன் இறக்கிவிடுகிறான். ஒன்றரை வயது. காய்ச்சல் இல்லை, சிணுங்கலும் இல்லை. ஆனால் நேற்று காலையிலிருந்து ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுகப் பூட்டிக்கொள்கிறாள். "இதோட இறங்கிடலாம். பிள்ளையைப் பட்டினி போட்டுட்டு எனக்கு எந்த மலையும் வேண்டாம்" என்கிறாள் மனைவி. பதில் சொல்ல வாயெடுத்தவன் மகள் போன பக்கம் திரும்புகிறான். மகள் தள்ளாடித் தள்ளாடிப் போய், கட்டியிருந்த வெள்ளாட்டின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துவிட்டாள். சாய்வெயிலில் ஆட்டின் தாடி பொன்னாகத் தெரிகிறது. தாடை இடமும் வலமுமாக அரைக்கிறது. கண் கொட்டாமல் பார்க்கிற மகளின் தாடையும் மெல்ல அசைகிறது, வெறும் வாயில், இடமும் வலமுமாக. வீட்டுக்காரப் பெண் ஆட்டுக்காக அவித்த கிழங்கை வாளியில் கொண்டுவந்து வைக்கிறாள். ஆவி பறக்கவில்லை, ஆறிவிட்டது. சின்னக் கை வாளிக்குள் போகிறது. கிழங்கு தோலோடு வாய்க்குள் போகிறது.

"ஐயோ, அது ஆட்டுக்கு வெச்சதும்மா! உள்ள நல்லதா இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்க்கா, அசையாதீங்க" என்று மனைவி கிசுகிசுக்கிறாள். "பாத்துட்டா நிறுத்திடுவா."

மூவரும் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். ஆடு மெல்லுகிறது, மகள் மெல்லுகிறாள், ஒரே தாளத்தில். அவள் தொண்டைக்குள் கிழங்கு இறங்குவது வெளியே தெரிகிறது. மகள் நிமிர்ந்து ஆட்டைப் பார்க்கிறாள், வாளியைப் பார்க்கிறாள். பிறகு வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.