இரண்டாவது பிரேக்

“பத்துக்கு நாலு மார்க். அதுவும் கையெழுத்து நல்லா இருக்கறதால” என்று சொல்லி, டீச்சர் நான்கு தாள்களையும் மேஜைமேல் போட்டார்.

மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் நாளைக்குப் பிடிக்கப்போவது மைக்.

இருவருமாகச் சேர்ந்து விவாகரத்து மனு போட்டவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடப் புதிய சட்டம் வருகிறது. அதற்காக மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். விதி இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபையின் சார்பில் பேச, மூப்பரான இவரைப் போதகர் மாட்டிவிட்டிருந்தார். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டதற்குச் சிரித்தபடி முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். பேச்சைத் திருத்த டீச்சரை இந்த டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பிவைத்ததும் அதே மனிதர்தான்.

“நாளைக்குப் பதினொரு மணிக்கா?” என்றார் டீச்சர், மெதுவாக.

“கடிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு. பார்த்ததும் எனக்கும் திக்குனு ஆயிடுச்சு. நேரத்தை மாத்த முடியாதாம்.”

டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னறையில் ஒரு கட்டிலும், கொடியில் கசங்கிய சட்டைகளும் தெரிந்தன. “இஸ்திரி போட்ட சட்டை ஒண்ணாவது இருக்கா?”

“பேச்சுல என்ன தப்புன்னு சொல்லுங்க டீச்சர்.”

“முதல் பக்கத்துலயே எட்டு பைபிள் வசனம். அங்க வர்றவங்க எல்லாரும் நம்ம சபைக்காரங்களா?”

“வேதத்தை விட்டுட்டு நான் என்னத்தைப் பேசறது?”

“விட வேண்டாம், ஒண்ணு போதும். மீதிக்கு உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. வண்டி, ரோடு, அந்த மாதிரி.”

வாசலில் நின்ற எல் போர்டு காரை மாஸ்டர் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“டிரைவிங் ஸ்கூல் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. கத்துக்கறவங்க பதட்டத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சா, நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பேன். அந்த ஆறு மாசம்தான் ரெண்டாவது பிரேக்! ஒரு கோபத்துல குடும்பம் பள்ளத்துல போய் விழாம நிறுத்துது.”

“அப்படிப் போடுங்க!” சிவப்புப் பேனா விறுவிறுவென்று ஓடிப் பாதியில் நின்றது. “ஆனா, அடி தாங்காம ஓடி வந்தவளையும் ஆறு மாசம் உட்காருன்னு சொல்வீங்களா?”

மாஸ்டர் மறுபடியும் வாசல் காரைப் பார்த்தார்.

“மாட்டேன். வண்டி தீப்பிடிச்சா பிரேக்கைப் பத்திப் பேசக் கூடாது, கதவைத் திறந்து இறக்கிவிடணும். அதையும் எழுதிக்குங்க. சபையில நாலு பேர் முறைப்பாங்க, முறைச்சுட்டுப் போகட்டும்.”

“அட, குறுக்கே பேசாம முழுசாக் கேட்டுப் பதில் சொல்றீங்களே!”

“இப்போதான் பழகறேன். பக்கத்து சீட்டுல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தே பிழைச்சவன். ஒருத்தர் உருளைக்கிழங்கு தோல் சீவினாக்கூட, ‘இடது பக்கம் திருப்புங்க’ன்னு வாய் வந்துடும்.”

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? ஆசையா பிறந்தநாள் வாழ்த்து எழுதிக் கொடுத்தா, அதுலயும் சந்திப்பிழையைச் சுழிச்சுக் காட்டினவதானே நான்!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

கடைசித் தாளுக்கு வந்தபோது டீச்சர் புருவத்தைச் சுருக்கினார். “‘ஆறு மாதத்தில் மனம் மாறும்’னு எழுதியிருக்கீங்க. சாட்சி எங்கே?”

மாஸ்டரின் உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. “அதுதான் இல்ல. மூணு வாரமா அலையறேன். மனு போட்டு, காத்திருந்து, திரும்பச் சேர்ந்த ஜோடி ரெண்டு இருக்கு. மேடைக்கு வாங்கன்னா ஓட்டம் பிடிக்கறாங்க. சாட்சி இல்லாம பேசினா, வாய்ப்பந்தல் போடறான்னு சிரிப்பாங்க. இந்த விதி போயிடும் டீச்சர். போகக் கூடாது.”

“மனசு மாறும்னு நிஜமாவே நம்பறீங்களா?”

“தினமும் முழங்கால்ல நின்னு அதைத்தானே கேட்கறேன்.”

டீச்சர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, ‘சாட்சி’ என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு பெயர்களை எழுதித் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

மாஸ்டர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“நிஜமாவா? ஆனா அதே பதினொரு மணிக்குக் குடும்பக் கோர்ட்டுல நம்ம ரெண்டு பேரையும் கூப்பிடுவாங்களே!”

“கூப்பிட்டுட்டுப் போகட்டும், புருஷனும் பெண்டாட்டியும் வரலேன்னா மனு தானாத் தள்ளுபடியாயிடும்னு வக்கீல் சொன்னாரே” என்று மேஜைமேலிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார் டீச்சர். “எழுந்திருங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம், வண்டியை நான்தான் ஓட்டுவேன், நீங்க பிரேக்குல கால் வைக்காம வரணும்!”