அண்ணியின் சிங்கப்பல்

"எங்க அண்ணி ரொம்பப் பயந்த சுபாவம் ஐயா. அவங்களை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லி, பழத்தட்டை இரண்டு கையாலும் பெரியவர் முன்னால் வைத்தாள் வார்த்தினி. பெரியவர் பெயர் இடா பகுஸ் ஓகா. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் மேல் பல்லை அரத்தால் தேய்த்து மட்டமாக்கும் சடங்கு என்றாலும் அரம் பிடிப்பவர் அவர்தான்.

மறுநாள் காலை வார்த்தினிக்கும் அவள் அண்ணன் மனைவி ரிந்திக்கும் ஒரே மேடையில் சடங்கு. ரிந்தி வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருடமாகிறது, அவளுக்கும் இப்போதுதான் வேளை கூடி வந்தது.

"பயம் எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார் ஓகா.

"இவங்களுக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. மேல் பல்லு ஆறும் பலகை மாதிரி மட்டமா வரணும்னு தினம் என்கிட்ட சொல்லுவாங்க. ஆனா அரம் பட்டதும் கையை ஆட்டுவாங்க. அதைப் பார்த்து நீங்க விட்டுட்டீங்கன்னா, சடங்கு பாதியில நின்னுபோச்சேன்னு வருஷம் பூரா அழுவாங்க."

"அப்போ நிறுத்தக் கூடாதுங்கிறே."

"நிறுத்தாதீங்க. நடுவுல கண்ணாடியும் குடுக்காதீங்க."

ஓகா சிரித்தார். "உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஒருத்தி மேல ஒருத்திக்கு இருக்கிற அக்கறையை நான் வேற எங்கயும் பார்த்ததில்லம்மா."

"எனக்கு மட்டும் பேருக்கு மூணு இழுப்பு போதும் ஐயா. முன்பல்லு இப்பதான் கட்டினது."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் அவர், சிரிப்பு அடங்காமலேயே.

அக்கறையாவது, மண்ணாவது. மூன்று வாரத்துக்கு முன்னால், மசாலாவை யார் அரைப்பது என்ற உப்புப் பெறாத சண்டையில், ரிந்தி கையிலிருந்த கொட்டாங்கச்சி அகப்பையைச் சுழற்றினாள். வார்த்தினியின் முன்பல் பாதி பறந்துபோனது.

"கை தவறிடுச்சு" என்றாள் ரிந்தி. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒரு சிங்கப்பல் உண்டு. அந்தச் சிங்கப்பல் சிரிப்பில்தான் வார்த்தினியின் அண்ணன் விழுந்தான் என்பது ஊரறிந்த கதை, அதை வாய் ஓயாமல் சொல்லித் திரிபவளும் ரிந்திதான்.

வார்த்தினி கடற்கரை ஹோட்டலில் வரவேற்பில் நிற்பவள். பாதிப் பல்லோடு யாரைச் சிரித்து வரவேற்பது? மானேஜர் அவளைத் துணி மடிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார். பல்லைச் சரிசெய்துகொண்டு வந்தால் திங்கட்கிழமை பழைய இடம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பெண்.

டென்பசார் நகரத்தில் பல் டாக்டர் இரண்டு மணி நேரம் மினக்கெட்டு, உடைந்த இடத்தைப் பூசிக் கட்டினார். எது தன் பல், எது பூச்சு என்று வார்த்தினிக்கே தெரியவில்லை. "அரத்தால மூணு இழுப்புக்கு மேல தாங்காதும்மா" என்று மட்டும் எச்சரித்தார். "பூச்சு பேர்ந்து வந்துடுச்சுன்னா, மறுபடி கட்டுறதுக்குப் பல்லு மிச்சம் இருக்காது."

பல் சரியாகிவிட்டது. வயிற்றெரிச்சல்தான் ஆறவில்லை. சடங்கில் தேய்க்கிற ஆறு பல்லும் மனசுக்குள் இருக்கும் ஆறு பகை, அதில் கோபமும் ஒன்று. தேய்த்த பிறகு பழி வாங்கினால் சாமி சும்மா விடாது. தீர்ப்பதைத் தேய்ப்பதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும்.

மறுநாள் காலை, மூத்தவள் என்று ரிந்தியைத்தான் முதலில் படுக்க வைத்தார்கள். ஓகா இரண்டு கடைவாயிலும் கரும்புத் துண்டை வைத்து இறுக்கினார். அது ஏறிவிட்டால் ஒரு வார்த்தை வெளியே வராது. வார்த்தினி ஓடிவந்து தலைமாட்டில் உட்கார்ந்து, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது இழுப்பில் ரிந்தி கண்ணை உருட்டினாள். பத்தாவதில் கையை ஆட்டினாள். "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்ல" என்று வார்த்தினி தோளை இன்னும் அழுத்தினாள். சுற்றியிருந்த பெண்கள், பாவம் பயப்படுகிறாள் என்று சடங்குப் பாட்டை உரக்க எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடி வந்தது. சிங்கப்பல் இருந்த இடம் வாசற்படி மாதிரி மட்டமாக இருந்தது. ரிந்தி கண்ணாடியைப் பார்த்தாள், வார்த்தினியைப் பார்த்தாள், எழுந்துகொண்டாள்.

வார்த்தினிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மூன்று வாரமாகச் சோறு இறங்காத வயிறு இன்றைக்கு இரண்டு தட்டு கேட்கும் போலிருந்தது. இனி கோபம் போனால் போகட்டும் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தாள். கரும்பு கடைவாயில் ஏறியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நாலாவது இழுப்பு விழுந்தது, ஐந்தாவதும் விழுந்தது. நாக்கில் ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. வார்த்தினி இரண்டு கையையும் பதறிப் பதறி ஆட்டினாள். தலைமாட்டில் ரிந்தி உட்கார்ந்து அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஓகா அரத்தை நிறுத்தாமல் குனிந்து, வாஞ்சையாகச் சொன்னார்:

"பயப்படாதம்மா. நீ இழுப்பைக் குறைக்கச் சொன்னாலும், எவ்வளவு கையை ஆட்டினாலும் நிறுத்தக் கூடாதுன்னு, உங்க அண்ணி முந்தாநாளே வந்து சொல்லிட்டுப் போயிட்டா."