சீனியம்மாளின் சவுரி

"செத்துப்போனவங்க முடியக் கொண்டாந்து டெஸ்ட் பண்ணச் சொன்னா எப்படீங்கய்யா?" நதியா கேட்டாள். சாயப்பட்டறை ஆட்களின் உடம்பில் ஈயமும் குரோமியமும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற முகாம் அது. முடியும் ரத்தமும் எடுப்பது அவள் வேலை.

தவசி விடவில்லை. மஞ்சப்பையிலிருந்து மனைவி சீனியம்மாளின் சவுரியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அவளும் இந்தப் பட்டறையில பதினாறு வருசம் சாயப்பவுடரத் தராசுல நிறுத்தவதான். போன வருசந்தான் போய்ச் சேந்தா. கொஞ்சம் வெட்டிக்க தாயி."

"நஷ்டஈடு கேக்கப் போறாராட்ட இருக்குது," வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

பத்ருன்னிசா வரிசையில் இல்லை. டீ குடிக்க வந்தவள் கேட்டோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சவுரியைக் கண்டதும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவளும் சீனியம்மாளும் ஒரே தராசில் பவுடர் நிறுத்தவர்கள். சீனியம்மாளுக்கு முடி கொட்டத் தொடங்கிய சமயம், மகளுக்கு மாப்பிள்ளையும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "எம் முடி அழகுன்னு அந்த மனுசன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. சபையில எப்படி நிப்பேன்?" என்று சாப்பாட்டு நேரத்தில் அழுதாள்.

"முக்காட்டுக்குள்ள கெடக்கற எம் முடிய ஆரு பாக்கப் போறா?" என்று பத்ருன்னிசா தன் சீப்பில் வந்ததையெல்லாம் சோப்பு டப்பாவில் சேர்த்தாள். இரண்டு வருசச் சேமிப்பு சவுரியாயிற்று. உதிர்ந்த தன் முடிதான் என்று புருசனிடம் கூசாமல் புளுகினாள் சீனியம்மாள். கல்யாணத்தன்று கனகாம்பரம் சூடி அவள் நடந்த நடை இருக்கிறதே! நினைத்தால் பத்ருன்னிசாவுக்கு இப்போதும் சிரிப்பு வரும், கண்ணும் நிறையும். எவ்வளவு நல்ல நாள் அது.

நதியா மனமிரங்கிக் கத்தரியை எடுத்தாள்.

பத்ருன்னிசா ஓடிவந்தாள். "வேண்டாங்கண்ணா. போனவள நிம்மதியா உடுங்க."

"அப்ப நீ குடு," என்றார் தவசி. "கை மரத்துப்போகுதுன்னு எத்தன மாசமாச் சொல்லுத? அவளுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. எம் பேருக்கு ஏதாச்சும் ரிப்போர்ட் வந்துச்சுன்னா வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்க. எம் மக ஆஃப்ரின் காலேஜ் முடிக்கோணுமுங்க."

தவசி சவுரியை நதியா பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு கொத்தை வெட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, ரிப்போர்ட்டோடு தவசி பத்ருன்னிசாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஈயம் அளவுக்கு மேல இருக்காம்."

பத்ருன்னிசாவின் உடம்பைப் பற்றிய சேதி அது. அந்த மனுசனோ, பெண்டாட்டியைச் சாயத்துக்கு அனுப்பிக் கொன்றுவிட்டோம் என்று இனிக் காலமெல்லாம் வேகப்போகிறார். பொய்யைக் காப்பாற்றியது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும். அந்தச் சவுரி..."

"தெரியும் தாயி."

அவள் விழித்தாள்.

"அவ முடி சுருட்டை. சவுரி முடியில சுருளே இல்ல. முப்பது வருசம் அவ தலையப் பாத்தவனுக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னைக்கே தெரியும். கூட நின்னு நிறுத்த உன்னத் தவிர வேற யாரு அவளுக்கு முடி குடுப்பா? அவ சந்தோசத்தக் கெடுக்க மனசில்ல, கேக்கல."

"பொறகு எதுக்குங்கண்ணா இந்த டெஸ்ட்டு?"

"நீ குடுக்க மாட்டேன்னு தெரியும், அதான் சவுரியக் கொண்டாந்தேன்." ரிப்போர்ட்டை அவள் கையில் வைத்தார். "முடி மட்டும் பத்தாதாம். நாளைக்கு வெளியூர் ஆசுபத்திரியில ரத்தம் குடுத்து வைத்தியத்த ஆரம்பிப்போம். நானும் கூட வாரேன்."

"பட்டறையில தெரிஞ்சா..."

"பேரப் பாரு. சீனியம்மாள்னுதான் போட்டிருக்கு. அவள இனி யாரு வேலைய விட்டு நிறுத்தப் போறா?"