அக்கா சொன்ன குறைகள்

"சரி, இப்ப குறையைச் சொல்லு. நிறையெல்லாம் எனக்கே தெரியும்" என்றான் தம்பி.

சாப்பாட்டு மேசையில் அவன் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் பெரிய கம்பெனியின் வேலைக் கடிதம். அடியில் 'ஏற்கிறேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான். மாலை ஆறு மணிக்கு மேல் அது செல்லாது.

அதே கம்பெனியில் அக்கா பத்து வருடமாக இருக்கிறாள். இப்போது எட்டாவது மாடியில் கண்ணாடி அறை, அவளுக்குக் கீழே வேலை பார்க்க நாற்பது பேர். இந்த வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

"லிப்டுக்கே கால்மணி நேரம் நிக்கணும்."

"எங்க ஆபீஸ்ல லிப்டே கிடையாது."

"ஸ்கிரீன்ல ஒரு பட்டனை இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் நகர்த்த எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சுடா. அப்புறம் மறுபடி இடப்பக்கமே வச்சுட்டாங்க."

"எட்டு மாசமும் சம்பளம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னும் ரெண்டு பட்டன் இருந்தா எனக்கு எடுத்து வை."

அக்காவுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. அடக்கிக்கொண்டாள்.

தம்பி இப்போது இருக்கும் இடத்தில் மொத்தமே ஒன்பது பேர். முதலாளியே வந்து "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சம்பளம் சுமார். காப்பீடு என்ற பேச்சே கிடையாது.

தம்பி மனைவிக்கு இது ஆறாம் மாதம். பெரிய கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்தே பிரசவச் செலவு முழுவதும் அவர்களுடையது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அவன் நாலு தடவை படித்துவிட்டான்.

"போயிட்டுத் திரும்பி வந்தா எடுத்துப்பாராடா உங்க முதலாளி?"

"நேத்தே சொல்லிட்டாரு. இருந்தா கொஞ்சம் கூட்டித் தரேன், போனா அன்னைக்கே அந்த நாற்காலியில வேற ஆள்னு. ஆள்கூட ரெடியாம்."

"அங்க உன் பேரு தெரியுது. எங்ககிட்ட நீ ஒரு நம்பர்."

"நம்பராவே இருந்துட்டுப் போறேன். நம்பரோட பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில தனி ரூம் உண்டுல்ல?"

"மேனேஜரே எனக்கு இதுவரைக்கும் ஏழு பேரு. ஒருத்தருக்கு நான் என்ன வேலை செய்யறேன்னு புரியறதுக்குள்ள அடுத்தவர் வந்துடுவாரு."

"மூணு வேளையும் சோறு போடுறாங்கல்ல?"

"போடுறாங்க. வீட்டு நினைப்பு வரக்கூடாதுன்னு போடுறாங்க."

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளி அவளை நேராகப் பார்த்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. நான் அங்க வர்றது உனக்குப் பிடிக்கலையா? இத்தனை வருஷமா நம்ம வீட்டுல பெரிய கம்பெனின்னா நீ ஒருத்திதான். இனிமே ரெண்டு பேர். அதானே?"

அக்கா மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒரு மூணு மாசம் பொறுத்துக் கேட்டுப் பாரேன். அப்பவும் எடுப்பாங்க."

"மூணு மாசத்துல குழந்தை கையில இருக்கும். இன்சூரன்ஸ் அதுக்கு முன்னாடியில்ல வேணும்!"



ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது தம்பி பொத்தானை அழுத்தினான். திரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டின.

"ஒரே கட்டடம்தானே? மத்தியானம் சேர்ந்தே சாப்பிடலாம்."

"நீ அஞ்சாவது மாடி."

"லெட்டர்ல மாடியே போடலையே. உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க டீம் அங்கதான்டா உட்காருது."

போன வியாழக்கிழமை மதியம், கம்பெனியில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு அக்காவையும் சேர்த்து நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே கேட்டதை வீட்டில் சொன்னாலும் வேலை போய்விடும் என்ற தாளில் முதலில் கையெழுத்து. அப்புறம்தான் பட்டியலைக் காட்டினார்கள்.

ஐந்தாவது மாடி முழுவதும். அறுபத்திரண்டு பேர். இன்னும் பதினோரு வாரம், அதோடு அத்தனை பேர் வேலையும் போகிறது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த மாடிக்குப் புதிதாக வேலைக் கடிதம் போயிருக்கிறதே, அதையாவது நிறுத்த வேண்டாமா?

நிறுத்தினால் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிடும் என்றார்கள். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

இப்போது மேசைக்கு எதிரே தம்பி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டான்.

"முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறதுதான்க்கா மரியாதை."

எதிர்முனையில் மணி அடித்தது. இரண்டு. மூன்று. அவர் சட்டென்று எடுக்கும் ஆள் இல்லை.

அக்கா எழுந்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.