கடைசிக் கதவு

சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய செய்தி: ஓய்வுபெற்ற ரயில்பெட்டிப் பரிசோதகர், சாப்பாட்டு மேஜையை ஆறு மாதமாக ஆக்கிரமித்துக் கட்டிவந்த குறுகிய பாதை ரயில்பெட்டியின் மாதிரி இன்றோடு பூர்த்தியாகிறது. முழ நீளம், பதினாறு ஜன்னல். ஓர் ஆணிகூட அசலிலிருந்து பிசகவில்லை.

"ஏங்க, மறுபடியும் அந்தக் கடைசிக் கதவையா கழட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"சரியாத் திறக்கணும்."

"நல்லாத்தானே திறக்குது! எறும்பா ஏறி இறங்கப் போகுது?"

"உள்ளேருந்து தள்ளினாலும் திறக்கணும்."

"உள்ளே யாருங்க இருக்கா?"

அவர் ஒரு தீக்குச்சியை ஜன்னல் வழியாக விட்டுத் தள்ளினார். கதவு திறந்தது. மூடிவிட்டு மறுபடியும் தள்ளினார்.

"அடேயப்பா! வேலையில இருந்தப்பகூட இவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்க மாட்டீங்க."

"ஆமா," என்றார், தலை நிமிராமல். "பாக்கல."

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

நிஜப் பெட்டி தீப்பிடித்தபோது அந்தக் கடைசிக் கதவு திறக்கவில்லை. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். அன்று காலை பிளாட்பாரத்தில் நின்றபடியே, தொட்டுக்கூடப் பார்க்காமல், 'கதவுகள் அனைத்தும் சரி' என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.