சன்னலுக்கு எதிரே வேன்

வரப்போரம் டயர்கள் மண்ணில் புதைந்து வேன் நிற்கிறது. சாயும் வெயிலில் அதன் துருவெல்லாம் செம்பாக மின்னுகிறது. ஊரைப் படமெடுக்க வந்த கேமராக்காரப் பெண் மண்டிபோட்டு, "அடடா, என்ன நிறம் ஐயா இது" என்று சொக்கிப்போகிறாள். பக்கத்தில் நிற்கும் பெரியவருக்கு அந்த நிறத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. பிரேக் பிடிக்காது என்று தெரிந்தே அண்ணன் இவர் மகன் கையில் சாவியைக் கொடுத்தனுப்பிய வேன் அது. போன வழியில் விபத்தாகி மகன் போய்ச் சேர்ந்தான். நசுங்கிய வேனை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து, அண்ணன் படுக்கும் அறைச் சன்னலுக்கு எதிரே நிறுத்தியவர் இவர்தான். "சன்னலும் படத்துல விழணும்மா, தள்ளி நின்னு எடு" என்கிறார். அதற்குள் அண்ணன் மருமகள் ஈரக்கையை உதறிக்கொண்டு வேலியோரம் வருகிறாள். "சின்ன மாமா, எங்க மாமாவுக்கு ஆகாரமே இறங்கலை. கண்ணைத் திறந்தா இந்த வண்டிதான் தெரியுதாம். போற உசுரு நிம்மதியாப் போகட்டும், இதை அப்புறப்படுத்திடுங்க." "சன்னலைச் சாத்து." "சாத்தினா மூச்சு முட்டுதுங்கிறார்." "அப்ப கட்டிலோட தூக்கிட்டு வா. பக்கத்துல வச்சு ஒரு படம் எடுத்துடலாம். ரெண்டும் ஓடாத வண்டிதானே." கேமராக்காரப் பெண் கேமராவை இறக்கிவிடுகிறாள். பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. வேனில் உடையாமல் தப்பிய பக்கக் கண்ணாடியைத் துண்டால் அழுந்தத் துடைத்து, கறகறவென்று திருப்புகிறார். சிவந்த வெயில் அதில் பட்டு, அண்ணன் வீட்டுச் சுவரில் ஊர்ந்து ஏறி, சன்னலுக்குள் நுழைகிறது. உள்ளே இருமல் கேட்கிறது. பெரியவர் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.